தரை போர்த்தும் ரோஜா

ரோஜாச் செடி என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது எது? இடுப்பளவு உயரம், நீண்ட காம்பு, அதன் உச்சியில் ஒற்றைப் பெரும் பூ. கண்காட்சியில் பரிசு பெறுவதும், ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக ஏற்றுமதியாவதும் இந்த ரோஜாதான். ஆனால் ரோஜாக் குலத்தில் இன்னொரு கிளையும் உண்டு. அது நிமிர்ந்து நிற்பதில்லை. பூசணிக்கொடியைப் போல் மண்ணோடு மண்ணாகப் படரும். முழங்கால் உயரத்திற்குமேல் எழாது; அகலத்தில் மட்டும் மூன்று நான்கு அடி பரவும். கொத்துக் கொத்தாகச் சிறு பூக்களைப் பூக்கும். இதனைத் 'தரை போர்த்தும் ரோஜா' என்று தமிழில் சொல்லலாம். உயரத்தைவிட அகலம் மிகுந்த ரோஜா என்பதே இதற்குச் சுருக்கமான இலக்கணம்.

இந்தச் செடியைப் பற்றி நாம் இங்கே பேசுவதற்குக் காரணம் அதன் அழகன்று. அது கேட்கும் தண்ணீரின் அளவு. தில்லியில் படிக்க வந்துள்ள நம்மில் பலர் ஒரு முரண்பாட்டை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மே மாதம் பிறந்ததும் விடுதிக் குழாய்கள் காலையிலேயே வறண்டுவிடுகின்றன. தண்ணீர் லாரி வருமா வராதா என்று வாளியோடு காத்திருக்கிறோம். அதே நேரத்தில் எதிரேயுள்ள புல்வெளியில் ரப்பர்க் குழாய் ஒன்று கவனிப்பாரின்றிக் கிடந்து நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் கோடையில் இந்நகரம் பட்ட தண்ணீர்த் துன்பத்தை நாடே அறியும். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் தண்ணீர் வந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். இந்நிலையில், "தோட்டமே வேண்டாம்" என்பது ஒரு விடை. "குறைந்த நீரில் தோட்டம் வேண்டும்" என்பது மற்றொரு விடை. இரண்டாவது விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு வாய்பாடு போதும்; தோட்டத்தின் வரவு செலவு முழுவதையும் எழுதிவிடலாம்.

தில்லியின் கடுங்கோடையில், 'லூ' என்னும் அனற்காற்று வீசும் நாட்களில், நன்கு நீர் பாய்ச்சிய பசும்பரப்பு ஒரு நாளில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடும் என்று வைத்துக்கொள்வோம். புல்வெளிக்கு இதில் பத்தில் ஏழு பங்கு வேண்டும் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5.6 லிட்டர் ஆகிறது. பத்துச் சதுர மீட்டர் புல்வெளிக்கு வாரத்திற்கு 392 லிட்டர். வேரூன்றி நிலைத்த படர் ரோஜாவுக்குப் பத்தில் நான்கு பங்குக்கும் குறைவாகவே போதும். அதே பரப்பிற்கு வாரத்திற்குச் சுமார் 200 லிட்டர். ஆக, ஏறக்குறையப் பாதி மிச்சம்.

ஆனால் உண்மையான மிச்சம் இங்கே இல்லை. அது ரப்பர்க் குழாயின் வாயில் இருக்கிறது. ஒரு சாதாரணக் குழாய் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது என்றால், அரை மணி நேரம் திறந்து கிடந்தால் 450 லிட்டர் போய்விடும். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள அளவு. மூவர் குளித்து, துவைத்து, சமைத்து உண்ணும் நீர் அரை மணியில் மண்ணுக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் போகிறது. நம்பிக்கையில்லாதவர்கள் வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தாமே அளந்து பார்க்கலாம்.

இங்கே அருகம்புல்லுக்கு நீதி வழங்கவேண்டும். 'தூப்' என்று இங்குள்ளோர் அழைக்கும் அப்புல் நீரில்லாவிட்டால் காய்ந்து கிடக்கும். மழை வந்ததும் மீண்டும் தழைக்கும். அது வீண்செலவுக்காரன் அன்று. மே மாதத்திலும் அது மரகதம்போல் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்பவர்கள் நாம்தாம். எனவே ஆடி ஓடும் இடங்களில் அருகம்புல்லே இருக்கட்டும். எவரும் கால் வைக்காமல், பார்வைக்காக மட்டும் புல் வளர்க்கும் சரிவுகள், சுவரோரங்கள், பாதை விளிம்புகள் ஆகியவற்றில்தான் ரோஜாவுக்கு இடம்.

பிறந்த கதை

தரை போர்த்தும் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை, ஜப்பான், கொரியா, கிழக்குச் சீனம் ஆகிய பகுதிகளில் இயற்கையாக வளரும் ஒரு காட்டு ரோஜா. ஜெர்மானியத் தாவர ஆய்வாளர் மாக்ஸ் விச்சுராவின் பெயரால் அதனை 'ரோசா விச்சுரானா' என்பர். அதன் தண்டு தரையில் ஊர்ந்து செல்லும். கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். இலை சிறியது, தடித்தது, எண்ணெய் பூசினாற்போல் பளபளப்பது.

இதற்கும் வடகிழக்கு ஆசியாவின் கடற்கரை மணலில் வளரும் 'ரோசா ருகோசா'வுக்கும் பிறந்த கலப்பினம் ஒன்று, 'மாக்ஸ் கிராப்' என்ற பெயரில் 1919-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அது நன்றாகப் படர்ந்தது. ஆனால் மலடாகவே இருந்தது. பெற்றோர் இருவருக்கும் பதினான்கு குரோமோசோம்கள். இரு வேறு இனங்களிலிருந்து வந்த ஏழும் ஏழும் ஒன்றோடொன்று இணை சேர முடியாததால் விதை உருவாகவில்லை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் கோர்டஸ் என்பவர் பல ஆண்டுகள் காத்திருந்து, அம்மலட்டுச் செடியிலிருந்து இரண்டே நாற்றுகளைப் பெற்றார். ஒன்று குளிரில் இறந்தது. பிழைத்த மற்றொன்றில் குரோமோசோம்கள் இருமடங்காகி இருபத்தெட்டாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்துவிட்டதால் அது தாராளமாக விதை ஈந்தது. இயற்கை தானே செய்த இந்த இரட்டிப்பினால், தோட்ட ரோஜாக்களோடு கலக்கத்தக்க புதிய இனம் ஒன்று மனிதன் கைக்குக் கிடைத்தது. 'ரோசா கோர்டசை' என்று அதற்குப் பெயர்.

பின்னர் வந்தவை பல. 1932-இல் இங்கிலாந்தில் தோன்றிய 'தி பேரி' என்னும் இளஞ்சிவப்பு வகை, 1968-இல் ஜப்பானில் தோன்றிய 'நொசோமி', 1976-இல் அமெரிக்காவில் ரால்ப் மூர் வெளியிட்ட 'ரெட் காஸ்கேட்', 1980-களின் இறுதியில் ஜெர்மனியில் நோவாக் உருவாக்கிய 'பிளவர் கார்ப்பெட்' ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றுள் 'ரெட் காஸ்கேட்' விச்சுரானாவின் நேர் வழித்தோன்றல்.

இந்தியாவிலும் இப்பணி வெறுமையாக இல்லை. கோதுமை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற பி. பி. பால், நம் நகரத்துப் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைமை தாங்கியவர். நம் நாட்டு வெயிலுக்கு ஏற்ற ரோஜா வகைகளையும் உருவாக்கினார். கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையர், வங்காளம், பீகார்ப் பகுதிகளின் 'ரோசா கிளினோபில்லா'வையும் மணிப்பூர் மலைகளின் 'ரோசா ஜைகாண்டியா'வையும் கொண்டு வெப்ப நாட்டு ரோஜாக்களைப் படைத்து வருபவர்கள் என்பது தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். கிளினோபில்லா ஆற்றோரத்திலும் சதுப்பிலும் வளர்வது. வெயிலைத் தாங்கும், ஆனால் நீரை விரும்பும். ருகோசா மணலில் வளர்வது. வறட்சியைத் தாங்கும், ஆனால் தில்லியின் வெயிலில் வாடும். வெப்பம் தாங்குதல் வேறு, வறட்சி தாங்குதல் வேறு. நாற்றங்காலில் செடி வாங்கும்போது, "வெயில் தாங்குமா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது.

குறைந்த நீர் எப்படிப் போதுகிறது?

செடி வேரால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு இலைத்துளைகளின் வழியே ஆவியாகிவிடுகிறது. உடலைக் கட்ட அது வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஆகவே இலையில் ஏற்படும் எந்தச் சிக்கனமும் பெரிய சிக்கனமே. படர் ரோஜாவின் சிறிய, தடித்த இலையின் மேல் மெழுகுப் படலம் உள்ளது. மண் காயத் தொடங்கினால் அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்பு இலைக்குச் சென்று துளைகளை மூடச் செய்கிறது. இது எல்லாச் செடிகளிலும் நிகழ்வதே; ஆனால் துளைகள் மூடிய பிறகும் நீர் கசியாமல் காப்பது அந்த மெழுகுப் படலந்தான்.

இரண்டாவது காரணம், போர்வை. வெற்று மண்ணின்மேல் தில்லி வெயில் பட்டால், நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அதே மண்ணை இலைகள் மூடியிருந்தால் நிழலும் அமைதியான காற்றும் கிடைக்கின்றன, ஆவியாதல் குறைகிறது. செடி தன் வேருக்குத் தானே குடை பிடிக்கிறது.

மூன்றாவது காரணம், வேர். பழைய மரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எவரும் ஊற்றாமலே அது நிற்பது ஆழத்து ஈரத்தால். ரோஜாவின் வேரும் ஆழம் போகக்கூடியதே. ஆனால் மேலாக நாள்தோறும் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். ஒரு நாள் தவறினாலும் வாடும். கஞ்சத்தனமாக நாள்தோறும் கொடுப்பதைவிடத் தாராளமாக எப்பொழுதாவது கொடுப்பதே செடிக்கு நன்மை.

நடுமுறை

தில்லியில் ரோஜா நடுவதற்கு மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் சிறந்தவை. கோடை வருமுன் வேர் ஊன்ற அதற்கு ஆறு மாதம் கிடைக்கிறது. மார்ச்சில் நட்டுவிட்டு மே மாதத்தில் வருந்துவதில் பயனில்லை.

கூடுமானவரை ஒட்டுச் செடியைத் தவிர்த்து, சொந்த வேருள்ள செடியையே வாங்கவேண்டும். ஒட்டுச் செடியில் அடியிலுள்ள வேர்ச்செடி தளிர்விட்டால், நிமிர்ந்த ரோஜாவில் அதைக் கண்டு களையலாம். படர்ந்த செடியில் அது தெரியாது. ஒரு செடி கிடைத்துவிட்டால் பிறகு காசு தேவையில்லை. நீண்ட தண்டு ஒன்றை வளைத்து, கணுவின் அடிப்புறத்தைச் சற்றுக் கீறி, மண்ணில் பதித்து, ஒரு கல்லை வைத்தால் போதும். நம் ஊர்த் தோட்டங்களில் மல்லிகைக்குப் பதியம் போடும் அதே முறைதான்.

குழி ஒன்றரை அடி ஆழமும் அகலமும் இருக்கட்டும். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரமும் இரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலக்கலாம். காய்ந்த மண்ணில் கரையான் வேரைத் தின்னும். பிண்ணாக்கு அதற்குத் தடை. செடிக்குச் செடி இரண்டே கால் அடி, அதாவது சுமார் 70 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், பத்துச் சதுர மீட்டருக்கு இருபது செடிகள் பிடிக்கும். தில்லி மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் இரும்புச் சத்தை வேர் எடுக்க இயலவில்லை என்று பொருள். இலைமக்கை மிகுதியாக இடுவதே நிலைத்த மருந்து.

நட்டதும் மூடாக்கு இடவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வேம்பும் அரசும் இலை உதிர்க்கின்றன. அவ்விலைகளைக் குவித்து எரிப்பது தடை செய்யப்பட்டது. ஆயினும் புகை ஓய்ந்தபாடில்லை. அவற்றையே இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் பாத்தியில் பரப்பினால் ஈரம் தங்கும், களை அடங்கும், மக்கி உரமும் ஆகும். தண்டின் அடியை மட்டும் ஒரு கையகலம் விட்டுவிடுக.

நீர் ஊற்றும் முறை

நனைந்த மண் முதல் நாளில் வேகமாக நீரை இழக்கும். மேல்மண் காய்ந்ததும் அக்காய்ந்த படலமே மூடிபோலாகி, இழப்பு குறையும். நாள்தோறும் தெளிப்பவர் இந்த மூடியை நாள்தோறும் திறந்துவிடுகிறார். தெளிப்பதில் பெரும்பகுதி செடிக்கே போய்ச் சேராததன் காரணம் இதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம்? இதையும் கணக்கிடலாம். மணற்பாங்கான வண்டல்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடி எடுக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 120 மில்லிமீட்டரை வைத்திருக்கும் எனக் கொள்வோம். வேர் 40 சென்டிமீட்டர் ஆழம் சென்றிருந்தால் அதன் கைவசம் 48 மில்லிமீட்டர். அதில் பாதியை, அதாவது 24 மில்லிமீட்டரைச் செலவிட்டபின் ஊற்றலாம். நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் செலவானால் எட்டு நாள் தாங்கும். எனவே கடுங்கோடையிலும் வாரத்திற்கு ஒருமுறை, செடிக்குப் பத்து லிட்டர் போதும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் மழை பொய்த்தால் மட்டுமும் ஊற்றலாம். ஆனால் இது வேரூன்றிய செடிக்கு. நட்ட முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், முதல் கோடையில் வாரம் இருமுறையும் ஊற்றியே ஆகவேண்டும். முதலாண்டில் கடன் கொடுக்காமல் பின்னாளில் வட்டி கேட்க முடியாது.

சொட்டு நீர்க்குழாய் இருந்தால் நன்று. இல்லாவிட்டால் மண்குடம் உண்டு. சாலையோரத்தில் விற்கும் 'மட்கா' ஒன்றை, மெருகிடாததாகப் பார்த்து வாங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரியுமாறு நான்கு செடிகளின் நடுவே புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்கவேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காய நீர் குடத்திலிருந்து கசியும். மண் ஈரமாயிருந்தால் கசிவு தானே குறையும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன உழவு நூலொன்றில் சொல்லப்பட்ட முறை இது. இதைவிட அறிவுள்ள குழாய் இன்னும் கடைக்கு வரவில்லை.

வேறு நீர்களைப் பற்றியும் ஒரு சொல். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைச் செடிக்கு ஊற்றலாம். குடிநீர்ச் சுத்திகரிப்புப் பெட்டி கழித்து விடும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அது தரை கழுவ உதவும், ரோஜாவுக்கு ஆகாது. சவர்க்கார நீரும் அப்படியே.

குறைகளும் உண்டு

இச்செடியைக் கற்பகத் தருவாக்கிப் பேசினால் அது விஞ்ஞானமாகாது. முதல் இரண்டு ஆண்டுகள், போர்வை முழுமையாக மூடும்வரை, களை எடுக்கவேண்டும். முள்ளுக்கிடையே கையை விட்டு அருகம்புல்லைப் பிடுங்குவது சுகமான வேலையன்று. எனவே நடுமுன்பே களைகளை வேரோடு அகற்றிவிடவேண்டும். காற்றில் வரும் காகிதமும் உறையும் முள்ளில் சிக்கிக்கொள்ளும். வறண்ட வெப்பத்தில் இலையின் அடியில் செஞ்சிலந்திகள் கூடும். வாரம் ஒருமுறை காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரை விசையாகத் தெளித்தால் அடங்கும். மாலையில் இலையை நனைத்தால் கரும்புள்ளி நோய் பரவும்.

மே, ஜூன் மாதங்களில் இதில் பூவை எதிர்பார்க்கவும் கூடாது. அப்போது செடி பாதி உறக்கத்தில் இருக்கும். இலை சிறிது மங்கும். பதறிப்போய் நீரையும் உரத்தையும் கொட்டினால், வெயிலைத் தாங்காத இளந்தளிர் வந்து கருகும். உறங்குவதை உறங்க விடுவதே நலம். அக்டோபர் நடுவில், தில்லித் தோட்டக்காரர்களாகிய மாலிகள் மற்ற ரோஜாக்களைக் கவாத்து செய்யும் நாளில், இதற்கும் பட்ட கிளைகளை நீக்கி, எல்லை மீறியவற்றைக் கத்தரித்தால் போதும். டிசம்பரிலும், மீண்டும் பிப்ரவரி, மார்ச்சிலும் அது கணக்குத் தீர்த்துவிடும்.

நாம் செய்யக்கூடியது

வளாகம் முழுவதையும் மாற்றுமாறு எவரிடமும் நாம் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. பத்துச் சதுர மீட்டர் இடம் கேட்போம். எவரும் நடக்காத, வெயில் ஆறு மணி நேரமாவது படும் சுவரோரம் ஒன்று போதும். அக்டோபரில் இருபது செடியும் ஐந்து மட்காவும் வைப்போம். பக்கத்திலுள்ள அதே அளவு புல்வெளிக்குச் செல்லும் நீரை வாளியாலும் கடிகாரத்தாலும் அளந்து, இரண்டையும் ஒரு நோட்டில் வாரந்தோறும் எழுதுவோம். முதற்கோடையில் ரோஜாவின் செலவு அவ்வளவு குறைவாக இராது. அதையும் மறைக்காமல் எழுதுவோம். இரண்டாம் கோடையின் முடிவில் அந்த நோட்டே பேசும்.

மேலே எழுதிய கணக்கு பலவிடத்தும் 'எனக் கொள்வோம்' என்ற சொல்லின்மீது நிற்கிறது. தாளிலுள்ள எண்ணைவிட மண்ணில் அளந்த எண்ணுக்கே மதிப்பு. அந்த எண் நம் பக்கம் இருந்தால், குழாயைத் திறந்து வைப்பவரிடம் நாம் கோபிக்க வேண்டியதில்லை; நோட்டைக் காட்டினால் போதும். எண் நமக்கு எதிராக இருந்தாலும் நட்டமொன்றுமில்லை. இரு கோடைகளுக்கு ரோஜா பூத்திருக்கும், நாமும் ஓர் உண்மையை அறிந்திருப்போம். செடி தர ஆயத்தமாக இருப்பவர்களும், மண்வெட்டி பிடிக்க ஆயத்தமாக இருப்பவர்களும் மழை ஓய்வதற்குள் முன்வருவார்களாக.